ஆவடிச் சுறாவின் பல்

நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு பல்லில்தான் வந்து நிற்கிறது. போன வாரம் நடந்து முடித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தபோதும் அப்படித்தான். ஒருத்திக்கு வேர் சிகிச்சை. ஒருத்திக்குப் புதுப் பல் செட்டு பேசும்போது நழுவுகிறது. இன்னொருத்தி முறுக்கைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுகிறாள். என் முறை வந்ததும், "பத்து வயசுல எங்கிட்ட இருநூத்திப் பதினேழு பல்லு இருந்துச்சு" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது, கலைந்துவிட்டோம். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், பக்கத்து வீட்டு அத்தை சேலத்துப் பக்கம், எதிர் வரிசையில் தஞ்சாவூரும் மதுரையும். ஒரு கரண்டி சர்க்கரை கேட்பதென்றால்கூட எங்கள் வரிசையில் ஐந்து விதமாகக் கேட்பார்கள். குவார்ட்டர்ஸுக்கு ஒரு மதில். மதிலில் ஒரு இடத்தில் நாலு செங்கல் பெயர்ந்திருக்கும். அந்த ஓட்டை வழியாக நுழைந்தால் ஏரிக்கரை.

மதிலுக்கு அந்தப் பக்கம்தான் என் கூட்டாளியின் வீடு. நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவள் அத்தா என்று கூப்பிடும் அவளுடைய அப்பா பூந்தமல்லிக் கடைத்தெருவில் நகைப் பட்டறை வைத்திருந்தார். காலையில் பஸ் ஏறிப் போனால் பொழுது சாயும்போது திரும்புவார். அவளுக்கு அவரிடமிருந்து வந்தது கூர்மையான கண். தரையில் கிடக்கும் குண்டூசியை நின்றபடியே பார்த்துவிடுவாள். எனக்கு அந்தக் கண் இல்லை. ஆனால் எனக்கு ஓட்டம் அதிகம். அவள் பார்ப்பாள், நான் ஓடிப்போய் எடுப்பேன். பின்னால் வந்த சண்டைக்கெல்லாம் மூலகாரணம் இதுதான்.

அந்தக் காலத்தில் ஏரியின் ஒரு கோடியில் சுண்ணாம்புக் காளவாய் ஒன்று இருந்தது. கல் எங்கிருந்தோ கூட்ஸ் வண்டியில் வரும். எங்கிருந்து என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றியதில்லை. நல்ல கல்லைப் பொறுக்கிக்கொண்டு உதிரியையும் மண்ணையும் ஏரி ஓரமாகக் கொட்டிவிடுவார்கள். வருஷக்கணக்காகக் கொட்டியதில் கரையின் அந்தப் பகுதி மட்டும் வெளுத்துப்போய், நடந்தால் காலில் மாவு பூசியதுபோல் இருக்கும். வேகும் சுண்ணாம்பின் வாசம் மூக்கைக் கடிக்கும்.

ஒரு கோடை விடுமுறை. அந்தக் கரையில் நடந்துகொண்டிருந்தபோது முதல் பல் என் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறியது. உட்கார்ந்து பிடுங்கிப் பார்த்தேன். விரல் நகத்தளவு, முக்கோணமாக, வெல்லப்பாகு நிறத்தில் பளபளவென்று இருந்தது. அடிப்பக்கம் மட்டும் ரஸ்க் ரொட்டி மாதிரி சொரசொரப்பு. கூட்டாளி அதை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பு இல்ல" என்றாள். ஏன் உப்பு இருக்க வேண்டும் என்று நினைத்தாளோ தெரியாது. என் காலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை மறந்துவிட்டு இன்னொன்று கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தோம்.

தேடுவதற்கு ஒரு முறை இருந்தது. உச்சி வெயிலில் எல்லாமே வெள்ளையாகக் கண்ணைக் கூசும், ஒன்றும் தெரியாது. காலை ஏழு மணிக்கு, சூரியன் சாய்ந்து அடிக்கும்போது போக வேண்டும். வடிவத்தைத் தேடக்கூடாது, மினுக்கைத் தேட வேண்டும். கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் காலை போனால், சுற்றியிருந்த மண் கரைந்துபோய் ஒவ்வொரு பல்லும் ஒரு சின்ன மண்தூணின் மேல் எங்களுக்காகவே எடுத்து வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு காலையில் பத்தொன்பது எடுத்தோம். அம்மாவின் மாவுச் சல்லடை அன்றோடு காணாமல் போனது. அம்மா பால்காரரைச் சந்தேகப்பட்டாள். நான் திருத்தவில்லை.

எடுத்ததையெல்லாம் ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்தோம். குலுக்கினால் சலங்கை மாதிரி சத்தம் வரும், திறந்தால் பவுடர் வாசம் வரும். ஆனால் அவை பல் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா டூல் ரூமில் வேலை பார்த்தவர். அளக்காமல் எதையும் நம்பமாட்டார். அம்மா சுட்ட தோசையின் கனத்தைக்கூட ஒருமுறை வெர்னியர் வைத்து அளந்திருக்கிறார், அதற்கப்புறம் மூன்று நாள் வீட்டில் தோசை கிடையாது. நான் கொடுத்ததை வெளிச்சத்தில் பிடித்து, மூன்று பக்கமும் அளந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ஏட்டி, இது டூல் டிப்புல்லா, இரும்பச் சீவுத உளியோட மொன. லேத்துல வெட்டுதப்போ ஒடஞ்சு விழுந்திருக்கும்."

"ஏரிக்கரைல எப்பிடிப்பா லேத்து வரும்?"

"குப்பையோட குப்பையா வந்திருக்கும். இந்தக் கூர்மை தானா வராது. கிரைண்டிங்ல வந்தது."

தன் சின்ன நோட்டில் 'டூல் டிப், உடைந்தது' என்று எழுதி அளவையும் குறித்துக்கொண்டார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த நாயோட பல்லோ, குளிச்சிட்டு உள்ள வா" என்றாள். யோசித்துப் பார்த்தால் அம்மாதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னவள் மீன்காரம்மா. காசிமேட்டிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் கூடையோடு வந்து, வாரம் மூன்று நாள் குவார்ட்டர்ஸில் விற்பாள். எங்கள் வாசலில் சங்கரா மீன் செதில் தேய்த்துக்கொண்டிருந்தவள், டப்பாவுக்குள் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இத்தினி சுறாப் பல்ல எங்க புட்ச்ச நீ?"

அப்பா உள்ளிருந்து சிரித்தபடி வெளியே வந்தார். "ஆவடில ஏதும்மா சுறா? அது டூல் டிப்பு."

"இன்னா சார் நீ. நான் பாவாட கட்ன நாள்லேந்து சுறா அறுத்துகினு கீறேன். எனக்குத் தெரியாதா? கலருதான் வேற, பல்லு அதே பல்லு."

"கடலு இங்கருந்து எத்தன மைலு தெரியுமா?"

"தெரியும் சார். தெனம் நான்தான் அங்கேந்து வர்றேன்."

அப்பா உள்ளே போய்விட்டார். அன்று முதல் அவர் சங்கரா மீனைக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டதுபோல் எனக்குத் தோன்றியது.

மே மாதக் கடைசியில் அந்தப் பெரிய பல் கிடைத்தது. என் சுண்டுவிரல் நீளம், ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் வளைந்தது, காப்பிக் கொட்டை நிறம். கூட்டாளி, "அதோ பாரு" என்றாள். நான் ஓடிப்போய் எடுத்தேன். யாருடையது என்று வீடு வரைக்கும் சண்டை. பார்த்தவளுக்கா, எடுத்தவளுக்கா? கடைசியில் வாரத்தில் மூன்று நாள் அவளிடம், மூன்று நாள் என்னிடம், ஞாயிற்றுக்கிழமை டப்பாவுக்குள் என்று முடிவானது.

என் முறை வந்த ஒரு நாள் பக்கத்து வீட்டு அத்தை அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஆண் குழந்தை. சதா இடுப்பிலேயே வைத்திருப்பாள். காக்கா கத்தினால் அழும், குக்கர் விசிலடித்தால் அழும், அப்பா தும்மினால் அழும். பல்லை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங் கண்ணு, இது புலிநகமாட்டம் இருக்குதே. எங்க ஊருப் பக்கம் பயந்த கொழந்தைக்கு இதத்தான் கட்டுவாங்க. புலிநகந்தானா?"

இத்தனை வாரமாக அதை டூல் டிப் என்றார்கள், நாய்ப்பல் என்றார்கள், குப்பை என்றார்கள். முதல் முறையாக ஒரு பெரியவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான், "ஆமா அத்தை, புலிநகந்தான்" என்றேன்.

"குடுக்கிறயா கண்ணு? பொறந்தநாளுக்குப் போட்டுட்டுத் தர்றேன்."

கொடுத்துவிட்டேன். கூட்டாளியிடம் சொல்லவில்லை. அவள் முறை வந்த நாளில் எனக்கு வயிற்றுவலி வந்தது. அடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள் வயிற்றுவலி தேவைப்படவில்லை. அத்தை அந்தப் பல்லுக்குத் தங்கப் பூண் கட்ட பூந்தமல்லிக்குப் போயிருக்கிறாள். குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லோரும் போவது கூட்டாளியின் அத்தா பட்டறைக்குத்தான். அன்று அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன கூட்டாளி, மெழுகில் பதித்து வைத்திருந்த தன் பல்லைப் பார்த்திருக்கிறாள்.

நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"எங்க அத்தா அந்தப் பல்ல புலிநகம்னு சொல்லிகினு கீறார். நீதான் சொன்னியாமே."

நான் அம்மா காதில் விழுந்துவிடாமல் பின்னால் கதவைச் சாத்தினேன்.

"குடுத்தது கூட பரவால்ல. ஏன் புலின்னு சொன்ன?" என்றாள். வாசல் ஜன்னலில் இருந்த பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் பத்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. மதில் ஓட்டைக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன்.

குழந்தையின் பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குவார்ட்டர்ஸ் மன்றத்தில் நடந்தது. கலர்க் காகிதத் தோரணம், கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. குழந்தையின் கழுத்தில் தங்கப் பூண் போட்ட பல். அத்தை எல்லோரிடமும் போய்ப் போய்க் காட்டினாள். காட்டக் காட்டக் கதை வளர்ந்தது. முதலில் புலிநகம். பஜ்ஜி வரும்போது அவளுடைய தாத்தா வைத்திருந்த புலிநகம். கேசரி வரும்போது அந்தத் தாத்தா தன் கையால் சுட்ட புலி.

இந்த இடத்தில் செக்யூரிட்டி ஆபீசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர், முறுக்கிய மீசை. அவர் வந்த பிறகு ஃபேக்டரி கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினால்தான் வெளியே விடுவார்கள். ஒருமுறை என் அப்பாவின் தயிர்சாதத்தை ஸ்பூன் விட்டுக் கிளறிப் பார்த்தவர். பெரிய மனிதர் என்று மாமா, அதாவது அத்தையின் கணவர், மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார். அவரும் வந்துவிட்டார். குழந்தையின் கன்னத்தைத் தட்டக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"என்னம்மா இது?"

"புலிநகங்க சார். அசல்."

"அசலா?"

"அசலுங்க. எங்க தாத்தா சுட்டது."

ஆபீசர் நிமிர்ந்தார். "புலிநகம் வச்சிருக்கிறது குத்தம்மா. வனவிலங்குச் சட்டம். ஜெயில்."

மன்றத்தில் மெல்லும் சத்தம் நின்றது. மாமாவின் கையிலிருந்த கேசரித் தட்டு மெதுவாகச் சாய ஆரம்பித்தது. "சார், டூப்ளிகேட் சார்" என்றார். "ஏனுங்க, அசலுன்னு சொல்லிட்டேனில்ல" என்றாள் அத்தை. தாத்தாவை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"அசலா டூப்ளிகேட்டா? திங்கக்கிழமை ரிப்போர்ட் எழுதணும்" என்றார் ஆபீசர். மாமாவுக்கு அந்த மாதம் பிரமோஷன் வர வேண்டியிருந்தது. மன்றத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

அப்போதுதான் அப்பா எழுந்தார். நல்ல மனதோடுதான் எழுந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு பஜ்ஜி சாப்பிட அவரால் முடியவில்லை.

"சார், நான் அளந்து பாத்திருக்கேன், இதே சாதி. இது புலிநகம் இல்ல. நம்ம ஃபேக்டரி டூல் டிப்பு."

ஆபீசர் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். "ஃபேக்டரி பொருளா? அது எப்படி கேட்டைத் தாண்டி வெளிய வந்துச்சு?"

அப்பா உட்கார்ந்துவிட்டார். ஒரே நிமிடத்தில் ஒரு குற்றம் இரண்டாகியிருந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்று கேசரியை முழுங்க முடியாமல் வாயிலேயே வைத்திருந்தேன். எதிரே, தன் அத்தாவோடு வந்திருந்த கூட்டாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசவில்லை. வாயில் கேசரி இருந்தது ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மதில் ஓட்டை வழியாக அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஆபீசர் வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போறேன். தனியாப் போகப் பயமா இருக்கு."

அவள் பின்னி முடித்தாள். ரிப்பனைக் கட்டினாள். "வர்றேன். ஆனா அந்தப் பல்ல மொதல்ல பார்த்தது நான்தான்னு அங்க எல்லார் முன்னாடியும் சொல்லணும்" என்றாள்.

"சொல்றேன்."

பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். வழியில் மீன்காரம்மா எதிர்ப்பட்டாள். விஷயத்தைச் சொன்னோம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு கூடையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு, "இன்னிக்கு நல்ல நாளுதான், கூடைல சுறாத் தலை கீது. வாங்க போலாம்" என்றாள்.

அதில் ஒரே ஒரு சிக்கல். ஆபீசர் வீட்டில் சுத்த சைவம். அவர் மனைவி மீன்காரம்மாவை அந்த வரிசைப் பக்கமே விடமாட்டாள். நாங்கள் போன நேரம் ஆபீசர் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், வாசலில் கோலம் ஈரம்கூடக் காயவில்லை. மீன்காரம்மா கோலத்தைச் சுற்றிக்கொண்டு போய் வராண்டாப் படியில் கூடையை இறக்கி, வாழை இலையை விலக்கி, சுறாத் தலையை எடுத்து வைத்தாள். உள்ளேயிருந்து வந்த ஆபீசர் மனைவி அப்படியே புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே திரும்பினாள். ஜன்னல் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஏரிக்கரையில் கிடைத்தது என்றும், புலிநகம் என்று பொய் சொன்னது நான் என்றும், அத்தைக்குத் தெரியாது என்றும், அப்பா எதையும் திருடவில்லை, அவர் திருப்பி எடுத்துக்கொண்டு வருவது டிபன் பாக்ஸ் மட்டும்தான் என்றும். கூட்டாளி என் முழங்கையில் இடித்தாள். "முதல்ல பார்த்தது இவதான் சார்" என்றேன். "எடுத்தது நான். பார்த்தது இவ."

வேலி ஓரத்தில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. அப்பா, மாமா, அத்தை, குழந்தை எல்லோரும் வந்துவிட்டார்கள்.

மீன்காரம்மா இரண்டு கையாலும் சுறாவின் வாயைப் பிளந்தாள். "பாரு நைனா. முன்ன ஒரு வரிச. அதுக்குப் பின்னாடி படுத்துகினு கீது பாரு, இன்னொரு வரிச. ஒன்னு உழுந்தா இன்னொன்னு எந்திரிச்சு வரும். அதான் இம்மாம் பல்லு." கூட்டாளி டப்பாவை வராண்டாவில் கவிழ்த்தாள். சலசலவென்று பரவின. குழந்தையின் கழுத்திலிருந்ததையும் வாங்கி வைத்தார்கள். ஆபீசர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒன்றை எடுத்தார், சுறாவின் வாய்க்குள் பார்த்தார், இன்னொன்றை எடுத்தார், மறுபடி பார்த்தார். அப்பா தன்னை அறியாமல் சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்துக் கொடுத்தார். அதையும் வைத்து அளந்தார்.

"சரி. சுறாதான்" என்றார் கடைசியில். "கடல் சுறா ஆவடிக்கு எப்படி வந்துச்சு?"

"அத நீதான் நைனா வெசாரிக்கணும்" என்றாள் மீன்காரம்மா. "நீதானே செக்யூரிட்டி."

முதலில் சிரித்தது மாமா. அவருடைய சிரிப்பில் பாதி அழுகை இருந்தது. அப்புறம் வேலியே சிரித்தது. ஆபீசர் மீசையைத் தடவிக்கொண்டார். ரிப்போர்ட் எழுதவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் கரைக்குப் போனபோது அவர் எங்களுக்கு முன்னால் வந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தார், கையில் அவர் வீட்டு டீ வடிகட்டி. அந்த வீட்டில் பால்காரர் சந்தேகிக்கப்பட்டாரா என்று தெரியாது.

அந்தக் கல் அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது என்றும், அந்த நிலம் யாரும் நினைத்துப் பார்க்க முடியாத காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது என்றும் நான் தெரிந்துகொண்டது கல்லூரியில். அப்பாவிடம் ஓடிவந்து சொன்னேன். நோட்டைத் தேடி எடுத்து, 'டூல் டிப்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். அதற்கு மேல் அவர் இறங்கி வரவில்லை. பவுடர் டப்பா குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது போய்விட்டது. அம்மா அதிலிருந்ததை மணிப்ளாண்ட் தொட்டியில் கல்லுக்குப் பதிலாகக் கொட்டி, தொட்டியை அடுத்து வந்தவர்களுக்கே கொடுத்துவிட்டாள். கரையில் இப்போது நடைபாதைக் கல் பாவியிருக்கிறார்கள்.

அத்தையைப் பற்றி மிச்சம் ஒன்று இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு குவார்ட்டர்ஸில் அவள் வீட்டைப் புலி வீடு என்றார்கள். தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை வைத்தால் யாராவது உறுமுவார்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அந்தக் குழந்தைக்கு முன்னால் அவளுக்கு இரண்டு பிறந்து தங்காமல் போனதை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்கு அப்புறம்தான். கழுத்தில் கட்ட ஒரு தைரியம் கிடைக்கிறதென்றால் அவள் எந்தத் தாத்தாவின் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்திருப்பாள். அன்றைக்கு எனக்கு அது பெருமைக்காரப் பொய்யாகத்தான் தெரிந்தது.

ஆனால் கூட்டாளிக்கு என்ன தெரிந்ததோ, அவள் அப்படி நடந்துகொள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே, பூணோடு அத்தை எடுத்துப்போன பல்லைத் திருப்பி வாங்கி வரச் சொல்லி அம்மா எங்கள் இருவரையும் அனுப்பினாள். அத்தை அடுப்படியில் உட்கார்ந்து, பாக்குவெட்டியால் தங்கப் பூணை நெம்பிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. குழந்தை பாக்குவெட்டிச் சத்தத்துக்கு அழுதுகொண்டிருந்தது.

"எடுத்துட்டுப் போங்க சாமி. வெறும் மீனாமே" என்றாள்.

அது என்னுடைய முறை நாளும் இல்லை, கூட்டாளியின் முறை நாளும் இல்லை. நான் கையை நீட்டினேன். கூட்டாளி என் கையைத் தட்டிவிட்டாள்.

"வெறும் மீன் இல்ல அத்தை. சுறா. கடல்ல எல்லாம் அதுக்குத்தான் பயந்துகினு கீதாம், எங்க அத்தா சொன்னார். தம்பிக்கே கட்டுங்க. நான்தான் மொதல்ல பார்த்தேன், நான் சொல்றேன்."

அத்தை பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள். பூணை மறுபடி அழுத்தி மூடினாள். இந்த முறை கழுத்தில் போடவில்லை. அரைஞாண் கயிற்றில் கோத்து, சட்டைக்கு உள்ளே விட்டாள்.

குழந்தை அழுவது நிற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குக்கருக்கும் காக்காவுக்கும் முன்போலவே அழுதது. ஆனால் அத்தை சாயங்காலத்தில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும் ஆபீசர் ஸ்டூலை விட்டு எழுந்து நிற்பார். சட்டைக்குள் மேடாகத் தெரிவதை விறைப்பாகப் பார்ப்பார்.

"உள்ள என்னம்மா?"

"மீனுங்க சார்" என்பாள் அத்தை, தலையை நிமிர்த்தி. அவர் கேட்டைத் திறந்து விடுவார்.